ஆழ்கடலும் நினைவுக்கடலும்

நுழையும்முன்

ஆவணப்படம் உண்மையைக் காட்டுவது. கதைப்படம் கற்பனையைக் காட்டுவது என்று பொதுவாகக் கூறுவர். ஆயினும், கண்ணால் கண்டவர் எவரும் எஞ்சாத ஒரு நிகழ்வை, அல்லது கண்டவர் பலரும் வெவ்வேறாகக் கூறும் ஒரு நிகழ்வை ஆவணப்படம் எவ்வாறு காட்டும்? போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய படங்களும் மனித மூளையைப் பற்றிய அறிவியல் படங்களும் இருவேறு துறையைச் சார்ந்தவை. அவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்தித்த வரலாறு ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கருநீரில் ஓர் ஒளிக்கற்றை

மூழ்கிய கப்பல்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஒரேவகையாகவே தொடங்கும். திரை முழுதும் இருள். அவ்விருளைத் துளைத்துக்கொண்டு ஓர் ஒளிக்கற்றை மெல்ல இறங்கும். நீரில் மிதக்கும் துகள்கள் பனிபோல் பொழியும். பிறகு, எதிர்பாராத ஒரு நொடியில் பீரங்கியின் குழாய் ஒன்று ஒளியில் தோன்றும். பார்ப்பவர் மூச்சடக்கி நிற்பர். அக்காட்சியின் ஆற்றல் அதன் அழகில் இல்லை. பல்லாண்டு காலம் சொல்லாக மட்டுமே இருந்த ஒன்று பொருளாக வந்து முன்நிற்பதில் உள்ளது.

ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பல் அவ்வாறு திரையில் தோன்ற 66 ஆண்டுகள் ஆயின. அதுவரை அக்கப்பல் இருந்த இடம் கடலன்று, மனிதர்தம் நினைவு. அந்நினைவும் பகைநாட்டு மாலுமிகளின் நினைவாக இருந்தது என்பதே இவ்வரலாற்றின் சிக்கல்.

‘சிட்னி’ என்னும் பெயர் தமிழகத்துக்கு முற்றிலும் அயலானதன்று. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில் ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையைக் குண்டுகளால் தாக்கியது. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அஞ்சாதவரையும் அடங்காதவரையும் ‘எம்டன்’ எனச் சுட்டும் வழக்கு இன்றும் தமிழில் உள்ளது. அந்த எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே அழித்த கப்பலின் பெயர் ‘சிட்னி’. அதன் பெயரைத் தாங்கிய இரண்டாவது கப்பலே இப்பாடத்தில் இடம்பெறுவது.

1941 நவம்பர் 19

இரண்டாவது ‘சிட்னி’ புகழ்பெற்ற கப்பல். 1940 சூலையில் மத்தியதரைக் கடலில் ‘பார்த்தலோமியோ கொலியோனி’ என்னும் இத்தாலியக் கப்பலை மூழ்கடித்துத் தாய்நாடு திரும்பியபோது அதன் மாலுமிகளை மக்கள் வீதியெங்கும் கூடி வரவேற்றனர். 1941 நவம்பரில், படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்றுக்குச் சுந்தா நீரிணை வரை காவலாகச் சென்று, ஃபிரிமேன்டில் துறைமுகத்துக்கு அது திரும்பிக்கொண்டிருந்தது. கப்பலில் 645 பேர் இருந்தனர். தலைவர் ஜோசப் பர்னெட்.

நவம்பர் 19 மாலை, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் வணிகக் கப்பல் ஒன்று தென்பட்டது. தன்னை ‘ஸ்ட்ராட் மலாக்கா’ என்னும் டச்சுக் கப்பல் என அது கூறிக்கொண்டது. உண்மையில் அது ‘கார்மோரன்’. வணிகக் கப்பலின் தோற்றத்துக்குள் பீரங்கிகளையும் டார்பிடோக்களையும் முந்நூறுக்கும் மேற்பட்ட கடற்கண்ணிகளையும் மறைத்து வைத்திருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் தலைவர் தியோடர் டெட்மர்ஸ். சிட்னி ஐயுற்று நெருங்கி வந்தது. இரு கப்பல்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவே இருந்த நிலையில், கப்பலுக்குரிய மறைகுறியைக் காட்டும்படி கேட்டது. அக்குறி டெட்மர்ஸுக்குத் தெரியாது. அவர் டச்சுக் கொடியை இறக்கி, ஜெர்மானியப் போர்க்கொடியை ஏற்றி, உடனே சுடுமாறு ஆணையிட்டார்.

அவ்வளவு நெருக்கத்தில் குண்டுகள் பெரும்பாலும் குறி தவறவில்லை. ஒரு டார்பிடோ சிட்னியின் முகப்புப் பகுதியைத் தாக்கியது. சிட்னியின் குண்டுகளும் கார்மோரனின் எந்திர அறையைச் சிதைத்தன. பொழுது சாய்ந்தபோது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. சிட்னி தென்கிழக்குத் திசையில் மெல்ல நகர்ந்து சென்றது. தொடுவானில் அதன் தீயொளி நெடுநேரம் தெரிந்தது, பின்னர் மறைந்தது. அதன்பின் அதனைக் கண்டவர் இலர். கண்ணிகள் நிறைந்த தம் கப்பல் எந்நேரமும் வெடிக்கும் என்றஞ்சிய டெட்மர்ஸ், நள்ளிரவுக்குப்பின் அதைத் தாமே தகர்த்து மூழ்கடித்தார்.

கார்மோரனில் ஏறத்தாழ 80 பேர் இறந்தனர். அவருள் பலர் நெரிசல் மிகுந்த மிதவை ஒன்று கவிழ்ந்ததால் மாண்டவர். 318 பேர் உயிர் பிழைத்தனர். இரண்டு படகுகள் கார்னார்வன் நகருக்கு வடக்கே கரை சேர்ந்தன. மற்றவற்றை வழியில் வந்த கப்பல்கள் மீட்டன. சிட்னியின் 645 பேரில் ஒருவரும் மீளவில்லை.

நம்பப்படாத சாட்சிகள்

வென்ற பக்கத்தில் முந்நூறு பேர் உயிருடன் இருக்க, தோற்ற பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. இழந்தோரின் உள்ளம் இதை எளிதில் ஏற்குமா? அரசின் அறிவிப்பு தாமதமானதும் ஐயத்தை வளர்த்தது. வேடமிட்ட வணிகக் கப்பல் ஒன்று நாட்டின் பெருமைக்குரிய போர்க்கப்பலை வீழ்த்தியது என்பதையே பலர் நம்ப மறுத்தனர். ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மறைந்திருந்து தாக்கியது என்றும், நீரில் தத்தளித்தவர்களை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர் என்றும் கதைகள் எழுந்தன. நூல்கள் பல வெளிவந்தன. இழப்பின் அளவு பெரிதாகும்போது அதற்கு ஈடான பெரியதொரு காரணத்தை மனம் தேடுவது இயல்பே. பர்னெட் ஏன் அவ்வளவு நெருங்கிச் சென்றார் என்ற வினா எஞ்சியோரை அரித்துக்கொண்டே இருந்தது.

இடத்தைப் பற்றிய செய்தியும் குழப்பமாகவே இருந்தது. போர் நிகழ்ந்த இடம் தெற்கு அகலாங்கு 26 பாகையும் கிழக்கு நெட்டாங்கு 111 பாகையும் சந்திக்கும் பகுதி என டெட்மர்ஸ் கூறினார். அது பொய்யாகச் சொல்லப்பட்ட எண் என்றனர் சிலர். விசாரணையில் மற்ற மாலுமிகள் கூறிய இடங்களோ கடலில் பல நூறு மைல் பரப்பில் சிதறிக் கிடந்தன. ஒருவர் கரையிலிருந்து தொலைவைச் சொன்னார். ஒருவர் ஏதோ ஒரு நகருக்குத் தென்மேற்கே என்றார். ஒருவர் பாகைக் கணக்கைச் சொன்னார். இவற்றை ஒன்றாக்கி ஒரு வரைபடத்தில் குறித்தால், தேடவேண்டிய பரப்பு எந்தக் கப்பலாலும் தேடி முடிக்க இயலாததாக இருந்தது.

மூளை எவ்வாறு நினைவுகொள்கிறது?

மூளையின் இருபுறமும் ஆழத்தில் ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் சிறு உறுப்பு உள்ளது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கடற்குதிரை என்பது பொருள். வடிவ ஒப்புமையால் அமைந்த பெயர். புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த அவ்வுறுப்பு இன்றியமையாதது என்பதை ஒரு நோயாளியின் வாழ்வே உலகுக்கு உணர்த்தியது. ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்க இளைஞருக்கு, கடுமையான வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு 1953இல் மூளை அறுவை செய்யப்பட்டது. இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால், அன்று முதல் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை. இளமைக்கால நினைவுகள் இருந்தன. சற்றுமுன் உண்ட உணவு நினைவில் இல்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். நாள்தோறும் கை தேர்ச்சி பெற்றது. ஆனால், அப்பயிற்சியைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒரே பொருள் அன்று, பலவகைப்பட்டது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. அவர் 2008இல் மறைந்தார். மறு ஆண்டில் அவருடைய மூளையை 2401 மெல்லிய சீவல்களாக வெட்டிய பணி இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. அதுவும் ஒருவகை ஆவணப்படமே.

நினைவு அழிவதை மொலைசன் காட்டினார். அழியாத நினைவும் மாறும் என்பதை அவருக்கு முன்பே காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஃபிரெடெரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டார் கதை ஒன்றை அவர் இங்கிலாந்து நாட்டவர்க்குப் படிக்கக் கொடுத்தார். பின்னர் நாள், வாரம், ஆண்டு எனக் காலம் இடைவிட்டு அதனைத் திரும்பச் சொல்லச் செய்தார். மற்றொரு முறையில், ஒருவர் சொன்னதை அடுத்தவர் படித்துச் சொல்ல, அதை மூன்றாமவர் படித்துச் சொல்லுமாறு அமைத்தார். கதை சுருங்கியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. பழங்குடியினரின் மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. கேட்டவர் எவரும் பொய் சொல்லவில்லை. தமக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்பக் கதையைத் தம்மை அறியாமலே திருத்திக்கொண்டனர். 1932இல் வெளிவந்த அவருடைய நூல், நினைவைப் பெட்டகத்திலிருந்து எடுக்கும் பொருளாகக் கருதாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும் கட்டடமாகக் கருதியது.

தெரிந்து தெளிவோம்

டைட்டானிக் கப்பல் 1912இல் மூழ்கியபோது அது இரண்டாக முறிந்ததைக் கண்டதாக உயிர் பிழைத்தோர் சிலர் கூறினர். விசாரணைக் குழுக்கள் அதனை ஏற்கவில்லை. கப்பல் முழுதாகவே மூழ்கியது என முடிவு செய்தன. 1985இல் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது இரு பெரும் துண்டுகளாகக் கிடந்தது. அத்தேடல் பயணத்தின் முதற்பகுதி, பனிப்போர்க் காலத்தில் மூழ்கிய அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் சிதைவை ஆராயும் இரகசியப் பணிக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

எழுபது பேரின் சொற்கள்

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் கிர்ஸ்னர், ஜான் டன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1990களில் இச்சிக்கலைக் கையிலெடுத்தனர். அவர்கள் கடலாய்வாளர் அல்லர். கப்பலைத் தேடிப் பழகியவரும் அல்லர். சொல்லும் நினைவும் அவர்களுடைய துறை. இடத்தைப் பற்றி ஏதேனும் கூறிய ஏறத்தாழ 70 ஜெர்மானியரின் கூற்றுகளை அவர்கள் தொகுத்தனர். மற்றவர்கள் ‘இவற்றுள் எது உண்மை?’ என்று கேட்டனர். இவர்களோ ‘இக்கூற்றுகள் இவ்வாறு சிதறக் காரணம் என்ன?’ என்று கேட்டனர். கேள்வி மாறியதும் குப்பையெனத் தோன்றியது சான்றாயிற்று.

கப்பலில் பணிபுரியும் எந்திர அறைத் தொழிலாளிக்கோ சமையற்காரருக்கோ கப்பல் நிற்கும் பாகைக் கணக்கு தெரியாது. அதிகாரி ஒருவர் சொல்லக் கேட்டிருப்பார். அல்லது மிதவையில் அருகிலிருந்தவர் சொல்லக் கேட்டிருப்பார். நீரின்றி உணவின்றிப் பல நாள் மிதந்தபின் அதனை விசாரணை அதிகாரியிடம் வேற்றுமொழியாளர் முன் கூறியிருப்பார். பார்ட்லெட்டின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த சங்கிலித் தொடரே இந்தியப் பெருங்கடலின் மிதவைகளிலும் நிகழ்ந்தது. எண்கள் வட்டமாயின, பகுதிகள் உதிர்ந்தன, தெரியாதது தெரிந்த ஊர்ப்பெயராக மாறியது.

முன்கூட்டியே பேசிவைத்த பொய்யாக இருந்தால், எல்லாரும் ஒரே எண்ணை ஒப்பித்திருக்க வேண்டும். அவரவர் தனித்தனியே புனைந்திருந்தால், கூற்றுகளுக்குள் எவ்விதத் தொடர்பும் இருந்திராது. கிர்ஸ்னரும் டன்னும் அக்கூற்றுகளின் சிதறலைப் பார்ட்லெட்டின் பழைய தரவுகளோடு புள்ளியியல் முறையில் ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்திருந்தன. உண்மையை நினைவுகூர முயன்று, மனித மூளைக்கே உரிய முறையில் தவறியவர்களின் கூற்றுகள் அவை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். தவறுகளே அம்மாலுமிகளின் நேர்மைக்குச் சாட்சியாயின என்பது வியப்புக்குரியது. நீதிமன்றத்தில் சாட்சிகளின் கூற்று வேறுபட்டால் வழக்கே வீழ்ந்துவிடும் என எண்ணுவோர் இதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

அடுத்து, எல்லாக் கூற்றுகளுடனும் மிகக் குறைந்த முரண்பாடு கொண்ட இடம் எது என அவர்கள் கணக்கிட்டனர். ஓரிடத்தைக் குறித்துக் கடல் வரைபடத்தில் புள்ளி வைத்தனர். உளவியலறிஞர் கப்பல் தேடுவதா என்ற ஏளனமும் அவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது.

2008 மார்ச்

கடலாய்வாளர் டேவிட் மேர்ன்ஸ் வேறு வழியில் வந்தார். 2001இல் ‘ஹுட்’ என்னும் பிரிட்டானியப் போர்க்கப்பலைக் கண்டறிந்தவர் அவர். அவர் டெட்மர்ஸின் சொல்லையே முதன்மையாகக் கொண்டார். அதற்கு வலுவான காரணம் உண்டு. போர்க்கைதியாக இருந்த காலத்தில் டெட்மர்ஸ், அகராதி ஒன்றின் எழுத்துகளுக்கு அடியில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத புள்ளிகளை இட்டு, போர் நிகழ்ச்சியைக் கமுக்கமாகப் பதிவு செய்திருந்தார். பகைவரை ஏமாற்றப் பொய் சொல்பவர், பகைவர் அறியாதவாறு மறைத்து எழுதும் குறிப்பிலும் அதே பொய்யை எழுத வேண்டியதில்லை அன்றோ?

2008 மார்ச்சில் ‘ஜியோசவுண்டர்’ என்னும் கப்பல் தேடலைத் தொடங்கியது. பல கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தின் முனையில் சோனார் கருவி கட்டப்பட்டு, கடல்தரைக்குச் சற்று மேலே இழுத்துச் செல்லப்பட்டது. கருவி ஒலியலைகளை இருபக்கமும் அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் நிழலுருவாகும். அவ்வளவு நீண்ட வடத்துடன் கப்பலைத் திருப்புவதற்கே பல மணிநேரம் ஆகும். ஆவணப்படங்கள் இக்காத்திருப்பை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. உண்மையில், தேடலின் பெரும்பகுதி சாம்பல்நிறத் திரையை உறக்கமின்றி உற்றுநோக்குவதே.

மார்ச் 12 அன்று கார்மோரன் தென்பட்டது. மார்ச் 16 அன்று சிட்னி தென்பட்டது. ஸ்டீப் பாயின்ட் முனைக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,470 மீட்டர் ஆழத்தில் அது நிமிர்ந்த நிலையில் கிடந்தது. இரு கப்பல்களுக்கும் இடையே ஏறத்தாழ 21 கிலோமீட்டர். உளவியலறிஞர் இருவரும் வைத்த புள்ளிக்கும் சிட்னி கிடந்த இடத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 கிலோமீட்டரே.

பின்னர் இறக்கப்பட்ட நீரடி ஒளிப்படக் கருவி மாலுமிகளின் சொற்களை ஒவ்வொன்றாக உறுதிப்படுத்தியது. டார்பிடோ தாக்கிய முகப்பு முறிந்து தனியே கிடந்தது. பீரங்கிக் குண்டுகள் துளைத்த வடுக்கள் கப்பலெங்கும் இருந்தன. உயிர்காக்கும் படகுகள் சிதைந்து கிடந்தன. ஏன் ஒருவரும் மீளவில்லை என்ற வினாவுக்கு அப்படங்களே விடையாயின. டெரன்ஸ் கோல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2009இல் அளித்த அறிக்கை, ஜெர்மானியர் கூறியது அடிப்படையில் உண்மையே என முடிவு செய்தது.

திரையும் நினைவும்

இத்தேடல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது. சிட்னியைப் பற்றிய படங்களில் போர்க்காட்சிகள் கணினி வரைகலையாலும் நடிப்பாலும் மீட்டுருவாக்கம் செய்யப்படுவது வழக்கம். அப்போரின் நேரடிப் படச்சுருள் உலகில் இல்லை. எனவே, பார்ப்பவர் உள்ளத்தில் தங்கும் தீயும் புகையும் கலைஞர் ஒருவரின் கைவண்ணமே. இதில் தவறில்லை, ஆனால், எது ஆழ்கடலில் எடுத்த படம், எது அரங்கில் அமைத்த காட்சி என்பதைப் படம் தெளிவாகப் பிரித்துக் காட்டவேண்டும்.

எலிசபெத் லாஃப்டஸ் என்னும் உளவியலறிஞர் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதன் தேவையை உணர்த்தும். சீருந்துகள் மோதும் படத்துண்டு ஒன்றைப் பார்த்தவரிடம், அவை ‘மோதியபோது’ வேகம் என்ன என ஒரு சாராரையும், ‘மோதி நொறுங்கியபோது’ வேகம் என்ன என மற்றொரு சாராரையும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என வினவியபோது இரண்டாம் சாராரில் மிகுதியானவர் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியின் ஒரு சொல்லே நினைவைத் திருத்தவல்லது எனில், இசையும் தீப்பிழம்பும் சேர்ந்த திரைக்காட்சி எவ்வளவு திருத்தும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இதனாலேயே, கண்டவர் கூற்றைத் திரைப்படங்கள் பரவுவதற்கு முன்பே எழுத்தில் பதிந்துவைத்த 1941ஆம் ஆண்டு விசாரணைத் தாள்கள் விலைமதிப்பற்றவை ஆயின.

பெயர் பெற்ற ஒருவர்

1942 பிப்ரவரியில், கிறிஸ்துமஸ் தீவின் அருகே ஓர் உயிர்காக்கும் மிதவை ஒதுங்கியது. அதில் மாலுமி ஒருவரின் உடல் இருந்தது. தீவினர் அவ்வுடலை மதிப்புடன் அடக்கம் செய்தனர். விரைவில் தீவு ஜப்பானியர் கைக்குச் சென்றது. கல்லறையின் இடமும் மறந்துபோயிற்று. முதியோர் நினைவுகளின் துணையுடன் நீண்டகாலம் தேடி, 2006இல் அவ்வெச்சங்கள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 2008இல் ஜெரால்டன் நகரின் போர்வீரர் கல்லறையில், பெயர் அறியப்படாத மாலுமியாகவே அவர் மறு அடக்கம் செய்யப்பட்டார். எச்சங்களின் மரபணுவை உறவினர் வழிவந்தோரின் மரபணுவோடு ஒப்பிடும் பணி தொடர்ந்தது. சிட்னி மூழ்கிய 80ஆம் ஆண்டு நாளான 2021 நவம்பர் 19 அன்று அவர் பெயர் அறிவிக்கப்பட்டது: தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேன் நகரத்தவர்.

அதே ஜெரால்டன் நகரின் குன்றின்மேல் சிட்னிக்கு ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. அதன் குவிமாடம் எஃகாலான கடற்புறாக்களால் அமைந்தது; ஒவ்வோர் உயிருக்கும் ஒன்றாக 645 பறவைகள். சற்று அப்பால் வெண்கலத்தாலான பெண் ஒருத்தி, காற்றில் பறக்கும் தொப்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு கடலை நோக்கி நிற்கிறாள். கப்பல் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சிலை அங்கு நிறுவப்பட்டது.